எந்த எண்ணெய்

தாரிக் சேர் பொஸ்னியாவுக்குத் திரும்புகையில்
எங்களுக்கு விட்டுப்போன அலுமினியப் பெட்டியில்
சிப்ஸ் என்று எழுதியிருந்தது.
தின்னலாம் என்று திறந்தவள் புஸ்பமலர்.
உள்ளே முந்நூறு களிமண் வட்டம்,
மாங்குளத்துப் புழுதி ஏறி
எல்லாம் ஒரே நிறம்.

சவர்க்காரத் தண்ணியில், பழைய பல்துலக்கியால்
ஞாயிறு முழுக்கத் தேய்த்தோம்.
காய்ந்தபின் பார்த்தால்
சிவப்பு, காய்ச்சல்காரப் பிள்ளையின் உதடு.
நீலம், வெளிறின பள்ளிக்கூடச் சுவர்.
கறுப்பைக் கறுப்பென்று சொல்ல
ஆளுக்கொரு தயக்கம்.
எண்ணெய் வைக்கவேணும் என்றாள் ஜெயரூபி.
எந்த எண்ணெய் என்பதில் தொடங்கியது சண்டை.

தேங்காயெண்ணெய் என்றேன், கைக்கெட்டினது அதுதான்.
ஒரு சிவப்பில் பூசி யன்னல்கட்டில் வைத்தோம்.
மூன்றாம் நாள் சிக்கு மணம்.
நாலாம் நாள் எறும்புகள்
அதைச் சுற்றிக் கூட்டம் வைத்தன.
நல்லெண்ணெய் வெள்ளையை மஞ்சளாக்கியது.
இலுப்பெண்ணெய் வைத்த அன்று
பெட்டிக்குள் ஒரு கோயில் வந்து
எழும்பமாட்டேன் என்று இருந்துவிட்டது.
தையல்மெஷின் எண்ணெய் பரவாயில்லை, நிறம் ஏறியது.
ஆனால் விரலை முகர்ந்த லோகேஸ்
எழும்பிப் போய் இரண்டுதரம் கை கழுவினாள்.
அதற்குப் பிறகு அந்தப் போத்தலை
ஒருவரும் எடுக்கவில்லை.

கடைசியில் பாமசி.
லிக்விட் பரஃபின், நூறு மில்லி.
“எத்தினை நாளாப் போகேல்ல?” என்றார் பாமசிக்காரர்.
“எனக்கில்லை, மண்ணுக்கு” என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மிச்சக் காசை எண்ணித் தந்தார்.
அது மணக்கவில்லை, சிக்கடிக்கவில்லை.
ருசியும் இல்லை,
புஸ்பமலர் பார்த்துச் சொன்னாள்.

ஒரு சொட்டுக்கு மூன்று வட்டம்.
முதலில் விளிம்பு, பிறகு முகம், பிறகு மறுமுகம்.
கூடினால் வழுக்கும்:
முதல்நாள் ஜெயரூபி வென்று அடுக்கிய கோபுரம்
அடுத்த கேள்வி கேட்கமுன்னமே சரிந்து
கட்டிலுக்கடியில் ஓடியது.
பழைய பனியனால் துடைத்து,
பேப்பரில் பரப்பி, ஓர் இரவு விடவேண்டும்.
குடிக்கிற அளவை மண் குடிக்கும்.
மிச்சத்தைக் காலையில் முகத்தில் வியர்த்துக் காட்டும்.

பகலில் ஒலுமடுப் பக்கம், முழந்தாளில்,
ஒரு சாண் நிலத்துக்கு
அரைமணித்தியாலம் கொடுக்கிறவர்கள் நாங்கள்.
மேலிருந்து தொடாதே, பக்கத்திலிருந்து வா
என்பது வேலை விதி.
இரவில் பார்க்கிறேன்,
நாலு பேரும் ஒரு வட்டத்தையும் மேலே அமத்தாமல்
விளிம்பில் பிடித்தே எடுக்கிறோம்.
நான் பார்த்ததை லோகேஸும் பார்த்தாள்.
சீட்டைக் குலைத்துப் போட்டாள்.

முந்நூற்றிநாலில் நாங்கள் காசு வைப்பதில்லை.
வெள்ளை, ஒரு குடம் தண்ணி.
சிவப்பு, ஒரு நேரச் சமையல்.
நீலம், நாலு பேரின் துவையல், ஒரு கிழமைக்கு.
கறுப்பு விலையில்லாமல் கிடந்தது.
எண்ணெய் குடித்து,
மழை விட்ட ஏ-ஒன்பது றோட்டைப்போல
அது மினுங்கி வந்த இரவில்
லோகேஸ்தான் சொன்னாள்:
“கறுப்பு வைச்சிருக்கிறவளிட்ட
அண்டைக்கு ஒருதரும் ஒண்டும் கேக்கக்கூடாது.”
சரி என்றோம்.
துரும்பு ஸ்கோப்பன் என்றாள் புஸ்பமலர்.

மாசியில் ஒரு வியாழன்
லோகேஸ் வேலைக்கு எழும்பவில்லை.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
பின்னேரம் நாங்கள் வந்தபோது
கிணற்றடியில் வாளி இழுக்கும் சத்தம்.
கட்டிலை உதறப் போனேன்.
தலையணைக்குக் கீழே ஒரு கறுப்பு,
உறையில் அதன் எண்ணெய் வட்டம்.
அந்தக் கிழமை அவள் எதையும் வென்றதாக
எனக்கு ஞாபகமில்லை.
கறுப்பை விளிம்பில் தூக்கி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
உறையை மட்டும் உருவி எடுத்தேன்.
நீலம் தோற்றது நான்.