தலைக்குப் பதினொன்று

தலைக்குப் பதினொன்று என்றார் தாளாளர்.
வரலாற்றுத் துறையில் நாங்கள் இரண்டே தலை.
பதினொரு பிள்ளைகளைச் சேர்த்தால் மே மாதச் சம்பளம்,
இல்லையென்றால் ஜூனில் பேசிக்கொள்ளலாம்.

குடியாத்தத்தில் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு
பேரணாம்பட்டுச் சாலையில் திரும்புகிறேன்.
அக்னி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள்.
வண்டிப் பெட்டிக்குள் நாற்பது கையேடுகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.
அட்டையில் எங்கள் கட்டடம்.
பின்னாலிருக்கும் மொட்டை மலைக்கு
அச்சகத்துக்காரர் பச்சை பூசியிருக்கிறார்,
கேட்காமலே.
மூன்றாம் பக்கத்தில் நூறு சதவீத வேலைவாய்ப்பு.
அதன்கீழ் கறுப்பு அங்கியில் சிரிக்கிறாள்
எம். மெர்லின்.
'பணியில் இருக்கிறார்' என்ற கட்டத்தில்
அவளுக்கு டிக் போட்டது நான்தான்.

முதல் வீட்டில் பையன் பாலிடெக்னிக் என்றார்கள்.
அடுத்த வீட்டில்,
"காலைல இருந்து நீங்க நாலாவது ஆளு சார்.
ஒரு காலேஜ்ல ஸ்கூல் பேக் குடுத்தாங்கோ.
நீங்க இன்னா தர்றீங்க?"
பேனா என்றேன்.
கல்லூரிப் பெயர் போட்ட பேனா.

பதினேழாவது வீடு.
கதவைத் திறந்தது மூன்றாம் பக்கம்.

"சார்! வாங்க சார்!"
ஞாயிற்றுக்கிழமை, அதனால் வீட்டில் இருக்கிறாள்.
மற்ற நாளில் ஆறு மணிக்கு ஆம்பூர் கம்பெனி பஸ்.
ஷூ மேல்தோல் தைக்கும் பிரிவு.
விரல் நுனிகளில் பசை காய்ந்து
தோல் உரிந்திருக்கிறது.

தண்ணீர் கொடுத்த கையோடு அவள் அம்மா
அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து
ஒரு துணிக்கடைக் கவரை எடுத்து வந்தார்.
ரசீதுகள்.
கல்விக் கட்டணம், கட்டட நிதி,
ஆண்டு விழா (மழையால் நடக்காதது),
கணினி ஆய்வகம், நாங்கள் தமிழ் வழி வரலாறு,
தாமதத்துக்கு அபராதம், அந்த அபராதத்தின் தாமதத்துக்கும்.
"பாக்கி நாலாயிரத்து இருநூறு, அதுக்கு
சர்ட்டிபிகேட்டு இன்னும் உங்க ஆபீஸ்லதான் கீது."

மெர்லினுக்கு மொத்தமும் மனப்பாடம்.
"பஸ் பாஸ் சேர்க்காம
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சார்.
பன்னெண்டாவது முடிச்ச பொண்ணும்
என் பக்கத்து மெஷின்லதான் உக்காந்திருக்கு.
எனக்கு மாசம் முந்நூறு கூட. டிகிரிக்காக."

மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
போட்டதை எடுக்க
முப்பத்திரண்டு வருடம், ஒன்பது மாதம்.
என் பாடத்தில் அது
ஒரு நல்ல ஆட்சிக்காலம்.

கையேட்டை வெளியே எடுக்கலாமா என்று யோசிக்கும்போது
அவளாகவே சொன்னாள்:
"நீங்க நடத்தினீங்களே சார், வேலூர்க் கோட்டைப் புரட்சி.
தலைப்பாகைல தோல் வெச்சதுக்குச்
சிப்பாய்ங்க திரும்பினாங்கன்னு.
சாப்பாட்டு நேரத்துல லைன்ல சொன்னேன்.
நாள் பூரா தோல் தைக்கிறவங்க,
சிரிச்சாங்க முதல்ல.
அப்புறம் ஒருத்தி கேட்டா,
சம்பளமும் பாக்கி வெச்சிருந்தானா வெள்ளைக்காரன்னு.
போன மாசம் ஓ.டி. காசு வரலை.
பதினோரு பேர் மெஷினை நிறுத்திட்டோம் சார்."

காசு வந்ததா?

"பாதி."

அந்த ஒரு சொல்லுக்கு
எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியவில்லை.

உள்ளிருந்து தங்கை கெசியா வந்தாள்.
அறுநூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
"கவர்மென்ட் காலேஜுக்குப் போட்டிருக்கேன்.
கிடைக்கலைன்னாதான் உங்க காலேஜ்."
அப்படியே செய் என்றேன்.
சொன்ன பிறகு
மே மாதச் சம்பளம் நினைவுக்கு வந்தது.

கிளம்பும்போது அம்மா கையேடு கேட்டார்,
படம் போட்டது.
ஐந்து கொடுத்தேன்.
"சித்தூர்ல என் தம்பி வூட்டுக்கு ஒண்ணு" என்று
இன்னொன்றும் வாங்கிக்கொண்டார்.

வண்டி இருக்கை அடுப்புக்கல்லாய்ச் சுட்டது.
சேர்க்கைப் படிவத்தில் பதினேழாம் வரிசை:
பெயர் கெசியா, பாடம் வரலாறு,
முடிவு என்ற இடத்தில்
'யோசிக்கிறார்கள்' என்று எழுதினேன்,
எங்கள் கல்லூரிப் பேனாவால்.
இரண்டாவது எழுத்தில் மை நின்றது.
உதறி உதறி எழுதி முடித்தேன்.