இரண்டாம் சாட்சி

மன்னார்குடி கோட்டாட்சியர் அலுவலகம்.
வாக்குமூலம் தட்டச்சு செய்வது என் வேலை.
மின்விசிறிக்குப் பறக்கும் தாளின் மேல்
ஸ்டேப்ளரை வைத்திருந்தேன்.

ஒலிபெருக்கியில் மூன்று முறை எச்சரிக்கை.
பிறகு தடியடி.
பிறகு வானத்தை நோக்கி ஒன்று.
பிறகுதான், என்றார் உதவி ஆய்வாளர்,
விதிப்படி
முழங்காலுக்குக் கீழே குறி வைத்தோம்.
அடித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

அடுத்து அஞ்சலாட்சி.
கணுக்காலில் காயாத வண்டல்.
எங்கே நின்றீர்கள்?
'நிக்கலைங்க. நட்டுக்கிட்டிருந்தோம்.
மறியல் ரோட்டுல.
நாங்க பாமணியாத்துக்கு அந்தாண்ட.
மாரிக்கண்ணு எனக்கு ஒரு கை தள்ளி.'

யாரும் கேட்காமலே எழுந்து
சிமெண்ட் தரையில் குனிந்து காட்டினார்,
இடக்கையில் இல்லாத நாற்றுமுடியோடு,
வலக்கை விரல்கள்
தரையைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்க.

தலை
முழங்காலுக்குக் கீழே இருந்தது.

உதவி ஆய்வாளர் தொப்பியை
மடியில் திருப்பி வைத்துக்கொண்டார்.
கோட்டாட்சியர் வெகுநேரம் பேனாவை மூடினார்.
'சாட்சி குனிந்து காட்டினார்னு போடுங்க.'
போட்டேன்.
எவ்வளவு குனிந்தார் என்று போட
அந்தப் படிவத்தில் இடமில்லை.

அவர் நிமிர நேரமாயிற்று.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
என்னைத்தான் கேட்டார்:
'நாளைக்கும் வரணுமாங்க?
அவ பங்கு நாத்து முத்திப் போவுது.'