பின்னால் நிற்கும் சாட்சி

ருஸ்தாவியில் பனி சேறாகிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை
லமாரா காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.
இரவு டியூட்டி முடிந்த கண்கள்,
ஆஸ்பத்திரிச் செருப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை.
"மஞ்சள் விளக்கு, எல்குஜா. மறுபடியும்.
சென்சாரை இரண்டு தடவை மாற்றியாயிற்று.
இரண்டு மெக்கானிக், இரண்டு ரசீது."
சொல்லிவிட்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்,
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

கருவியைச் செருகினேன்.
பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார், அசைவில்லை.
புள்ளி நான்கு ஐந்து வோல்ட்.
மிதித்தாலும் அதுதான், விட்டாலும் அதுதான்.
கணினி தானே கொடுத்த எண் அது.
நீதிபதியின் கேள்வியையே
திருப்பிச் சொல்லிக்கொண்டு நிற்கிற சாட்சி.

சென்சாரைக் குறை சொல்வது சுலபம்.
வெளியே தொங்குகிறது, கழற்ற வருகிறது,
அதற்கொரு விலை இருக்கிறது.
கம்பிக்கு விலை இல்லை,
அதனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

காரை மேலே ஏற்றினேன். அடியெல்லாம் உப்பு.
ஃபியூஸ் உயிரோடு இருந்தது.
இரண்டு வெள்ளைக் கம்பிக்கு நடுவே ஆறு ஓம்,
சூடேற்றி நலம்.
பன்னிரண்டு வோல்ட் வந்து சேர்கிறது.
சாம்பல் கம்பி ஒழுங்காகத் தரையைத் தொடுகிறது.
கறுப்புதான் மிச்சம்.
சென்சாரின் வாயருகே அளந்தேன்:
புள்ளி எட்டு, புள்ளி ஒன்று, புள்ளி எட்டு,
ஓடிவந்தவன் நெஞ்சு மாதிரி.
(அந்த வேகத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)
கணினியின் காதருகே அளந்தேன்:
அதே புள்ளி நான்கு ஐந்து.
வாய்க்கும் காதுக்கும் நடுவே மூன்றரை மீட்டர்.
அதில் எங்கோ ஒரு கை.

பக்கத்து சீட்டின் கம்பளத்துக்குக் கீழே கிடைத்தது.
பச்சைத் துணி டேப்,
வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றியது.
பிரித்தேன்.
ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர்,
ஈயம் பற்றவைத்த இடத்தில் கால் துருப்பிடித்து முறிந்திருந்தது.
எதிர்த்திசையில் சுற்றுகிறவன்
இந்த வரிசைக் கொட்டகைகளில் ஒருவன்தான்.
நான் இடக்கைக்காரன்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்,
நியூ ஜெர்சி ஏலத்தில் மூக்குடைந்து கப்பலேறிய கார்.
வியாபாரி வடிகட்டிக் குடலை உருவி எடுத்து
பிளாட்டினத்துக்கு விற்றுவிட்டான்.
வெறும் டப்பாவைத் திரும்பப் பற்றவைத்தேன்.
பின்னால் நிற்கும் சென்சார் அதைக் காட்டிக்கொடுக்காதிருக்க
வாயில் இந்தத் துணியை அடைத்தேன்.
கூலி நாற்பது லரி.
வாங்கப்போகிறவள் முகம் அப்போது தெரியாது.
அந்த வேலையில் அது ஒரு வசதி.

இழுப்பறையில் புது ரெசிஸ்டர் இருந்தது.
ஐந்து நிமிட வேலை. விளக்கு அணைந்துவிடும்.
அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.
இழுப்பறையைத் திறந்தேன்,
எதற்கோ திறந்தவன்போல ஒரு நட்டை எடுத்துவிட்டு மூடினேன்.

பொய்யை வெட்டி எறிந்து
கறுப்போடு கறுப்பை நேராகச் சேர்த்தேன்.
எஞ்சினைப் போட்டேன்.
திரையில் இரண்டு கோடுகள்,
முன்னது குதிக்கப் பின்னதும் குதிக்கிறது, நிழல்போல.
நடுவில் ஒன்றுமே இல்லை,
காற்று அப்படியே வருகிறது என்கிறது.

எழுப்பினேன். "சரியாயிற்றா?"
"ஆயிற்று. நாளையோ மறுநாளோ விளக்கு மறுபடி எரியும்."
பார்த்தாள்.
"வேறு எண்ணோடு எரியும். இந்தமுறை நிஜம்."
"யார் செய்தது இதை?"
முறிந்த ரெசிஸ்டரை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
ஓர் அரிசி கனம்கூட இருக்காது.
"நாற்பது லரி" என்றேன்.
கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

அவள் என் இடது கையைப் பார்த்தாள்,
ஊசி குத்த நரம்பு தேடுகிறவளின் பார்வை.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
பிறகு சொன்னாள்:
"ஷட்டரைத் தூக்கு எல்குஜா.
இங்கே மூச்சு முட்டுகிறது."