சட்டத்துக்குள்

நெப்ராஸ்காவில் காற்று ஓய்வதில்லை.
படிவத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டு
எழுதப் பழகிவிட்டேன்.
வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சட்டம்,
மீட்டருக்கு மீட்டர்.
ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் அதைப் போட வேண்டும்,
மண்டியிட வேண்டும்,
உள்ளே முளைத்ததையெல்லாம் எண்ண வேண்டும்.
ஒரு விரல் வெளியே பூத்திருப்பது
எவ்வளவு அழகானாலும் கணக்கில் இல்லை.
சட்டம் என்றால் சட்டம்தான்.

ஜூலை. காலை பத்துக்கே தொண்ணூற்றெட்டு டிகிரி.
கணுக்காலில் ஏறும் உண்ணிகளைப் பிடுங்கி
செலோடேப்பில் ஒட்டிப் படிவத்தின் ஓரத்தில் வைக்கிறேன்.
போன வாரம் பதினேழு.
அவற்றை எழுதக் கட்டம் எதுவும் இல்லை.

வான்கோழிக் கால் போல மூன்றாய்ப் பிரியும் கதிர்
எந்தப் புல்லுடையது,
மாடு ஒதுக்கும் தழை எது, தேடித் தின்பது எது,
இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
போன ஆண்டு தெரியாது.

போன ஆண்டு முதல் பருவம்.
முதுகில் பதினைந்து லிட்டர் களைக்கொல்லி,
தெளித்த இடம் தெரிய அதில் நீலச் சாயம்.
"முட்செடியைக் கண்டால் விடாதே" என்றார் ஆர்டிஸ்.
விடவில்லை.
தெற்குச் சரிவில் நாற்பதோ ஐம்பதோ,
ஒன்றைக்கூட விடவில்லை.
மாலையில் என் நகம் நீலம், காதுமடல் நீலம்.
பெட்ரோல் பங்க் கடையில் பாலுக்குக் காசு வாங்கிக்கொண்டே
"என்ன, வானத்துக்கு பெயின்ட் அடித்தாயா?" என்றாள் டார்லா.
பெருமையாக இருந்தது.

இலையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.
அடியில் வெண்பஞ்சு படிந்திருந்தால்
அது வந்தேறி அல்ல.
இந்த மணல்மேட்டில்
எங்கள் ஊருக்குப் பெயர் விழுமுன்பே இருந்தது.
ஆண்டுக்கணக்கில் தரையோடு ஒட்டிக் கிடந்து
ஒரே ஒரு முறை பூக்கும்.
அந்த ஒரு முறைக்குத்தான்
நான் போயிருந்தேன்.

குளிர்காலத்தில், கொட்டகையில்,
தெளிப்பானுக்கு வாஷர் மாற்றியபடி
உலர்செடித் தாள்களைப் புரட்டியபோது தெரிந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
கடிக்கும்போது தெரிவதில்லை
உண்ணிக்கும் தவறுக்கும்.
பிறகு ஊதிக்கொண்டே இருக்கும்.

ஏப்ரலில் அந்தச் சரிவை எரித்தோம்.
பக்கத்துப் பண்ணை வெர்லின் குச்செரா
தன் டிரக்கில் தண்ணீர்த் தொட்டியோடு வந்து நின்றார்.
"எரியட்டும். என் வேலிக்கம்பம் கருகினால்
உன் சம்பளத்தில்தான் கழிப்பேன்."
என் கையில் தீப்பந்தம் துளித்துளியாய்க்
கோடு கிழித்தது.
சாம்பல் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று
ஒரு கணம், ஒரு கணத்துக்கும் மேலாக,
நிம்மதி.
பத்தாம் நாள் பச்சை முளைத்தது.
எது முளைக்கவில்லை என்று
பச்சை சொல்லாது.

இன்று சட்டம் முப்பத்தேழு.
அதே சரிவு.
புல் நான்கு வகை. காட்டு அவுரி இரண்டு.
பைசன் சாணம், பழையது.
முட்செடி: பூஜ்யம்.
ஏன் பூஜ்யம் என்று படிவம் கேட்கவில்லை.
'குறிப்பு' என்று ஓரத்தில் இரண்டு வரி இடம்,
வழக்கமாக அதில் காற்றின் வேகம் எழுதுவேன்.
எழுதினேன்:
சென்ற ஜூன், நான் தெளித்தேன்.
இலையைத் திருப்பவில்லை.
பேனா தாளைத் துளைக்கப் பார்த்தது.

டிரக் முகப்பில் சாய்ந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே
ஆர்டிஸ் படிவங்களைப் பார்த்தார்.
முப்பத்தேழில் கொறிப்பது நின்றது.
பிறகு
தாளை மெல்லத் திருப்பி
அடிப்பக்கம் பார்த்தார்.
வெள்ளையாக இருந்தது.

கையெழுத்துப் போட்டார்.
முப்பத்தெட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம்.
குச்செராவின் காளை வேலி தாண்டி
அங்கேதான் நிற்கிறதாம்,
சட்டத்தைப் போட வேண்டிய இடத்தில்.