முதல் கம்பி

பிரிக்பீல்ட்ஸில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஒட்டுப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெங் சூன்,
இந்தப் பக்கம் நான்.
அரைமணிக்கு நாற்பத்தைந்து வெள்ளி,
பாதி பள்ளிக்கு,
மிச்சத்தில் கார் நிறுத்த ஆறு.

மூன்றரைக்கு மழை பிடித்தால்
முறுக்காணி வீங்கி அடம்பிடிக்கும்.
ஏர்கான் போட்டால் சறுக்கி
நாலு கம்பியும் ஒன்றாய்த் தளரும்.
இந்த ஊரில் சுருதி என்பது
வானிலை அறிக்கை.

லோஷினிக்கு ஒன்பது வயது.
தெரியாத இடம் வந்தால்
வில்லைக் கம்பிக்கு ஒரு மயிரிழை மேலே தூக்கிக்
காற்றில் இழுப்பாள்.
முகத்தில் மட்டும் முழு வாசிப்பு.
"தொடலைன்னா அது வாசிப்பு இல்லம்மா, நடிப்பு."
செவ்வாய்க்குச் செவ்வாய் சொல்லியிருக்கிறேன்,
ஒருமுறை
கீழே டயர் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு.

சனிக்கிழமை கச்சேரி.
பெங் சூன் முதல் நாற்காலி.
நான் கடைசி வரிசை, காதருகே கொம்புகள்.
எங்கள் பிள்ளைகளுக்கு
மாடியில் இலவச டிக்கெட்.

இரண்டாம் பகுதி, மூச்சு விட்டாலும் கேட்கும் இடம்.
டக்.
பெங் சூனின் முதல் கம்பி.

எங்கள் தொழிலில் இதற்கொரு வழக்கம் உண்டு.
பக்கத்தில் இருப்பவர் தன் வயலினைத் தந்துவிடுவார்.
அவருக்குப் பின்னால் இருப்பவர் அவருக்கு,
அவருக்கு அவர் பின்னால்.
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கைமாறுவதுபோல்
நல்லவை முன்னே போகும்,
காயம்பட்டது பின்னே வரும்.
தவணை இன்னும் பதினொன்று பாக்கியிருக்கும்
என் வயலின்
ரொஸானாவின் தோளுக்குப் போனது.
பெங் சூனுடையது
என் மடிக்கு வந்து சேர்ந்தது.

மூன்று வருடம் சுவர் வழியே மட்டும் கேட்டது.
என் ஃபிளாட்டை விற்றாலும்
இதில் பாதிதான் வாங்கலாம்.
மோவாய்ப் பலகையில் அவர் வியர்வை
இன்னும் ஆறவில்லை.

மாற்றுக் கம்பி பையில், பை திரைக்குப் பின்னால்.
எழுந்தால் மேடைப் பலகை கிறீச்சிடும்.
மீதி மூன்றில் எட்டிப் பிடிக்கலாம்தான்;
பழக்கமில்லாத கழுத்து,
அந்த உயரத்தில் விரல் தப்பினால்
மண்டபமே திரும்பும்.

வில்லை எடுத்தேன்.
கம்பிக்கு ஒரு மயிரிழை மேலே
நிறுத்தினேன்.

கீழே. மேலே. எல்லார் வில்லோடும் என் வில்.
இடது விரல்கள் கூடச் சரியாக நடுங்கின.
ஏழு நிமிடம்.
அதற்கும் அந்த மாதச் சம்பளத்தில்
பங்கு உண்டு.

நடுவில் ஓரிடத்தில்
சுற்றி எல்லாரும் ஒரே நாதத்தில் வந்து நிற்க,
நான் தொடாத மூன்று கம்பிகளும்
தாமாகவே அதிர்ந்தன.
காதில் விழவில்லை.
தோள்பட்டை எலும்பில்
யாரோ உள்ளே இருந்து கதவைத் தொட்டதுபோல்.
கண் நிறைந்தது,
துடைக்கக் கை காலியில்லை,
இரண்டு கையும் நடித்துக்கொண்டிருந்தன.

பிறகு கைதட்டல்.
ரொஸானா என்னுடையதைத் திருப்பித் தந்து
"கீழ்க் கம்பி கொஞ்சம் இருமுது" என்றாள்.
பெங் சூன் தன்னுடையதை வாங்கிக்கொண்டு
"சாப்பிட்டியா?" என்றார்.
அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை.
லோஷினி பெட்டியைத் திறக்காமலே நின்றாள்.
"டீச்சர், அன்னிக்கு நீங்க தொடவே இல்ல லா."

சுவருக்கு அந்தப் பக்கம்
ஸ்கேல் பாதியில் நின்றது.

அறுந்த கம்பி, கைமாற்றம், வழக்கம்,
எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.
"ஆமா" என்றேன்.
"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எனக்குத்தானே தெரியும்.
நீங்க ரொம்ப நல்லா செஞ்சீங்க டீச்சர்."
கேலி இல்லை அதில்.
ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை
மெச்சும் குரல்.

பலகைச் சுவர் இரண்டு முறை தட்டப்பட்டது.
பெங் சூன் சிரிப்பது அப்படித்தான்.

அன்று அவள் மூன்று இடத்தில் காற்றில் இழுத்தாள்.
நான் ஜன்னல் வழியே
மோனோரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் திட்டினேன்.