இரண்டு மீட்டர் பத்து

ஊரின் பெயர் பூட்டில்.
தமிழில் எழுதிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்:
சாவி எங்களிடம் இருப்பதாகத்தான்
கம்பெனிக்காரர்களும் நினைக்கிறார்கள்.

நான்கு வருஷமாக ஓர் அணு உலையைப் படிக்கிறேன்.
அதற்கு இன்னும் நிலம் இல்லை, கடல் இல்லை,
வேலிக்கு அப்பால் மேயும் ஆடுகள் இல்லை.
எங்கே வைத்தாலும் இதே உலை
என்கிறது முதல் பக்கம்.

நிலநடுக்கம் பார்த்தாயிற்று, வெள்ளம் பார்த்தாயிற்று.
பதினோராயிரத்துச் சொச்சம் பக்கம் தாண்டி
ஒரு வால்வு,
தரையிலிருந்து இரண்டு மீட்டர் பத்து.
மின்சாரம் போன இரவில்
கையால் திருப்ப வேண்டியது.

யார் கை?
எழுதிக் கேட்டேன்.
சராசரிப் பணியாளர் என்று பதில் வந்தது,
கூடவே ஒரு வரைபடம். அந்த ஆளுக்கு முகம் இல்லை,
நல்ல உயரம்.

மதியம் சாண்ட்விச்சை வைத்துவிட்டு
சுவரில் டேப் ஒட்டி எக்கிப் பார்த்தேன்.
நான் ஐந்தடி ஓரங்குலம்.
நான்கு விரற்கடை குறைந்தது.
"நீ அங்கே வேலைக்குப் போகப்போகிறாயா என்ன?"
என்றான் ஹெஸ்கெத், தேநீரோடு நின்று.

டிசம்பரில் சான்றிதழ் போனது.
கையெழுத்து என்னுடையதல்ல.
திருத்தப் பட்டியலில் அறுபத்துமூன்றாவது வரி:
வால்வின் கீழ் நிரந்தர இரும்புப் படி, ஒன்று.

இனி எந்தக் கரையில் கட்டினாலும்
அது அங்கே இருக்கும்.
ஒருவரும் ஏறாமல்
பெயின்ட் புதுசாகவே இருக்கட்டும்.