குண்டின் இடத்தில்

குடை விரிந்த உலுக்கலில்
வலக்கால் பூட்ஸ் கழன்று
எனக்கு முன்பே நார்வேயில் இறங்கிவிட்டது.
பிறகு நான்.
பிறகு, மலைக்கு அப்பால்,
மற்ற ஆறு பேரோடு விமானம்.
சத்தம் தாமதமாக வந்தது.
அதையும் பனி விழுங்கிக்கொண்டது.

மாய்யா யோமா என்னைக் காப்பாற்ற வந்தவள் அல்ல.
தொலைந்த சினைமானைத் தேடி வந்தவள்
தேடாததைக் கண்டு முகம் சுளித்தாள்.
சறுக்குக்கோலின் முனையால் தட்டிப் பார்த்தாள்:
உயிர் இருக்கிறதா,
இருந்தால் எந்தக் கட்சி உயிர்.
இருவருக்கும் பொதுவாக மூன்றே சொற்கள்.
ஜெர்மன். ஸ்வீடன். காபி.
மூன்றாவதில்தான் நம்பினாள்.

வெறுங்காலுக்குத் தோல்காலணி தந்தாள்,
உள்ளே உலர்ந்த கோரைப்புல்.
முட்டை அடுக்குவதுபோல
என் விரல்களை ஒவ்வொன்றாய்
அவளே புல்லுக்குள் பொதிந்தாள்.

மூன்று இரவு நடை.
பகலில் பனிக்குழி, ஒரே மான்தோல்,
எங்கள் இருவருக்கும் நடுவே அவள் நாய்.
நான் சந்தித்த முதல் நடுநிலை அதுதான்.
இரண்டு பக்கமும் சமமாய் உறுமியது.

எல்லை என்றதும் முள்வேலியை எதிர்பார்த்திருந்தேன்.
மஞ்சள் பூசிய ஒரு கற்குவியல், அவ்வளவே.
இந்தப் பக்கம் பிடித்தால் அவளைச் சுடுவார்கள்.
அந்தப் பக்கம் பிடித்தால்
என்னைப் படிவம் நிரப்பச் சொல்வார்கள்.
மாய்யா கல்லைத் தாண்டவில்லை.
கை நீட்டினாள். குலுக்கினேன்.
தலையை ஆட்டி, மறுபடி நீட்டினாள்.
சறுக்குக்கட்டைகளைக் கேட்கிறாள்.
மான் இன்னும் கிடைக்கவில்லையே.

காவலர் ஹெட்லுண்ட் பேனாவை உதறிவிட்டுக் கேட்டார்:
தப்பி வந்த கைதியா,
வழி தவறிய போர்வீரனா?
முன்னது என்றால் போகலாம்,
பின்னது என்றால் போர் முடியும்வரை முகாம்.
நான் வாய் திறக்குமுன்
அவரே எழுதிக்கொண்டார் முன்னதை.
சூப் ஆறிவிடும் என்றார்.

ஸ்டாக்ஹோமில் விளக்குகள் எரிந்தன.
விடுதி அறைக்குள் நுழைந்ததும்
மூன்றாண்டு இருட்டடிப்புக்குப் பழகிய கை
தானாகத் திரையை இழுத்தது.
அப்புறம் வெட்கப்பட்டுத் திறந்துவிட்டது.
காபிக் கடையில் பக்கத்து மேசை ஜெர்மானியன்
தீப்பெட்டி கேட்டான்.
கொடுத்தேன். திருப்பித் தந்தான், நன்றியோடு.
மதில்மேல் பூனை என்று
பாசறையில் இந்த நாட்டைக் கிண்டல் செய்வோம்.
இப்போது மதிலில் குந்தியிருப்பது நான்.
அங்கே கதகதப்பாக இருந்தது.

புறப்பட இடம் ஒன்றுதான் உண்டு என்றார்கள்.
மரத்தால் செய்த கொசு விமானம்,
அதன் குண்டறையில் ஒரு மெத்தை,
மூச்சுக்கு ஒரு குழாய், படிக்க ஒரு சிறு விளக்கு.
படிக்க!

குண்டு போடுகிறவன் நான்.
கண்ணாடி மூக்கில் குப்புறப் படுத்து
கட்டைவிரலால் அழுத்திவிட்டு
"போயிற்று" என்று சொல்வதே என் வேலை.
முப்பத்தொரு முறை சொன்னேன்.
எனக்குப் பின்னால் அந்த இருட்டில்
அவை எப்படிக் கிடந்தன என்று
ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

எண்ணெய் வாசனையோடு கிடந்தன.
காது அடைத்துக் கிடந்தன.
முதுகுக்குக் கீழே கதவு,
கதவுக்குக் கீழே வடகடல்.
விமானிக்கு ஒரு தும்மல் வந்து
கை தவறினால், நான் போயிற்று.
விளக்கை அணைத்துவிட்டேன்.
விரல்களை அசைத்தேன், புல் சரசரத்தது.
விழப்போகிற எதற்கும்
இப்படி யாரும் புல் பொதிந்து அனுப்பியதில்லை.

ஸ்காட்லாந்தில் கதவு திறந்தபோது
வெளிச்சத்துக்குள் விழுந்தேன், அரை ஆள் உயரம்.
இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.
வெடிக்கவில்லை என்று ஒருவன் சிரித்தான்.

விசாரணை அறை. காலணியைக் கழற்றச் சொன்னார்கள்.
கோரைப்புல் மேசையெங்கும் சிந்தியது.
அதிகாரி ஊதித் தள்ளிவிட்டு, பென்சில் தீட்டி,
"எல்லைவரை வழிகாட்டியது யார்?"
அவள் பெயர் நாக்கில் முழுசாக இருந்தது.
"ஒரு நாய்" என்றேன்.
என்ன நிறம் என்று கேட்டு
அதையும் எழுதிக்கொண்டார்.